எரிமலைக்கும் பனியாற்றுக்கும் மேலே ஹெலிகொப்டரில்: யாழ்ப்பாணத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மகள் நியூசிலாந்திலும் பெறாமகன் நோர்வேயிலும் இருப்பதால், 2018 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நியூசிலாந்தின் ஃபிரான்ஸ் ஜோசெப் பனியாற்றையும் 2023 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஐஸ்லாந்தின் எரிமலைப் பிளவு ஒன்றையும் ஹெலிகொப்டரிலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு செல்லும் அயலவர்களும் பழைய மாணவர்களின் பெற்றோரும், "பிள்ளை ஹெலிக்குப் பதிஞ்சுபோட்டான், என்ன செய்யிறது" என்று கேட்டு வீட்டுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

ஹெலியில போய்ப் பாக்கிறதில என்ன புதுசு? விமானத்தில போகேக்க யன்னலால பாக்கலாந்தானே?

பயணிகள் விமானம் பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் செல்கிறது. அங்கிருந்து பனியாறு ஒரு வெள்ளைக் கோடாகவும் எரிமலை வாய் ஒரு பொட்டாகவும் தெரியும். ஹெலிகொப்டரோ பள்ளத்தாக்கின் வளைவுகளுக்கு ஏற்ப மெதுவாகத் திரும்பி, வேண்டிய இடத்தில் வேகத்தைக் குறைத்து, அனுமதி உள்ள இடத்தில் பனியின்மீது இறங்கவும் கூடியது.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம்; கீரிமலையில்கூட மலை பெயரில் மட்டுமே இருக்கிறது. ஒரு நிலம் மேலெழுவதையும் உடைவதையும் வழிந்து பரவுவதையும் நாம் புத்தகப் படங்களில்தான் பார்த்திருக்கிறோம். முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் நான் வரைந்த மலைமுகடும் பனித்தேக்கமும் பனியாற்றின் நாக்கும் ஒரே பார்வைக்குள் அடங்கித் தெரிந்தபோது, நான் வரைந்த படங்களின் அளவு எவ்வளவு பிழையானது என்பது எனக்கு விளங்கியது.

பனியாறு எண்டால் பனி உருகி ஓடுற ஆறோ?

இல்லை. பள்ளிப் புத்தகங்களில் பனிக்கட்டியாறு என்று படித்ததுதான் இது. உயர்ந்த மலைகளில் ஆண்டுதோறும் பெய்யும் பனி முழுவதும் உருகாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி தன் நிறையினால் சரிவில் மெல்ல நகரத் தொடங்கும்போது அதைப் பனியாறு என்கிறோம். பெரும்பாலானவை நாளொன்றுக்குச் சில சென்ரிமீற்றர்தான் நகரும். ஃபிரான்ஸ் ஜோசெப் போன்ற செங்குத்தான சில பனியாறுகள் சில காலங்களில் நாளுக்கு மீற்றர் கணக்கிலும் நகர்ந்திருக்கின்றன.

மேலிருந்து பார்க்கும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, நீல நிறம். பனி இறுகும்போது அதற்குள் இருந்த காற்றுக் குமிழிகள் பிழியப்பட்டு வெளியேறிவிடுகின்றன; அவ்வாறு இறுகிய கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சி நீலத்தை வெளிவிடுகிறது. ஆகவே நீலமாகத் தெரியும் இடம் ஆழத்தில் இறுகிய பழைய பனி. மற்றது, வெடிப்புகள். பனியாறு ஒரு மேட்டின்மேல் வளைந்து இறங்கும்போது அதன் மேற்படை, காய்ந்த குளத்துக் களிமண்போலப் பிளக்கிறது. அந்தப் பிளவுகள் பத்துக்கணக்கான மீற்றர் ஆழமானவை என்பது மேலிருந்து பார்க்கையில் தெரிவதில்லை.

எரிமலை நெருப்பு, பனி குளிர். ரெண்டும் ஒரே இடத்தில எப்பிடி இருக்கும்?

எரிமலையின் வெப்பம் நிலத்துக்குக் கீழே, குறிப்பிட்ட சில வழிகளில் மட்டுமே மேலேறுகிறது. நிலத்தின் மேற்பரப்பு குளிராக இருப்பதற்கு அது தடையில்லை. ஐஸ்லாந்து ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் அதன் உயர்நிலங்களில் பனி தேங்குகிறது. அதே நாடு வட அமெரிக்க, யூரேசியக் கவசத் தகடுகள் (புவியோட்டின் பெரும் பாறைப் பாளங்கள்) ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் வீதம் விலகும் கோட்டின்மீதும் இருப்பதால் கீழிருந்து உருகிய பாறைக் குழம்பு ஏறுகிறது. நாட்டின் பத்தில் ஒரு பங்கைப் பனியே மூடியிருக்கிறது. அவற்றுள் பெரிதான வட்னயோகுட்ல் பனிக்கவிப்பு யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு பரப்பளவு உடையது. அதன் அடியிலே உயிருள்ள எரிமலைகள் இருக்கின்றன.

இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை 1996 ஆம் ஆண்டு காட்டியது. செப்டம்பர் இறுதியில் வட்னயோகுட்லின் அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் உடனே வெளியே வராமல், அருகே பனிக்கு அடியில் இருந்த கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் ஐந்து வாரங்களாகச் சேர்ந்தது. பின்னர் நவம்பர் 5 ஆம் திகதி பனிக்கவிப்பின் ஓரத்தை உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம், வீடளவு பனிக்கட்டிகளை உருட்டி வந்து, நாட்டைச் சுற்றிச் செல்லும் நெடுஞ்சாலையின் பாலங்களை அடித்துச் சென்றது. முறுகிய பாலத்து இரும்பு உத்தரங்கள் இன்றும் அந்தக் கருமணல் வெளியில் நினைவுச் சின்னமாக நிற்கின்றன. அந்த மணல்வெளியில் கொடிகொடியாகப் பிரிந்து ஓடும் ஆறுகளை மேலிருந்துதான் முழுமையாகப் பார்க்க முடியும்.

அப்ப நியூசிலாந்தின்ர பனிமலையளும் எரிமலையோ?

பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். தென்தீவின் பனிமலைகள் எரிமலைகள் அல்ல. 3,724 மீற்றர் உயரமான அஓராகி மலையும், அதைச் சுற்றியுள்ள ஃபிரான்ஸ் ஜோசெப், ஃபொக்ஸ், டஸ்மன் பனியாறுகளும், இரண்டு கவசத் தகடுகள் ஒன்றையொன்று நெருக்கியதால் மேலெழுந்த மலைத்தொடரில் இருக்கின்றன. எரிமலைகள் வடதீவில் உள்ளன.

இரண்டும் சேர்ந்த மலை வடதீவிலும் ஒன்று உண்டு. 2,797 மீற்றர் உயரமான ருவாபெஹுவின் உச்சியில் சிறு பனியாறுகளும் எரிமலை வாயில் ஓர் ஏரியும் இருக்கின்றன. 1953 ஆம் ஆண்டு நத்தார் தினத்துக்கு முந்திய இரவு அந்த ஏரியின் கரை உடைந்து, சேறும் பாறையும் கலந்த வெள்ளம் டங்கிவாய் என்ற இடத்தில் புகையிரதப் பாலத்தைத் தகர்த்தது. அதன்மீது வந்த புகையிரதம் விழுந்து 151 பேர் இறந்தார்கள். அழகான ஏரி என்று மேலிருந்து படம் எடுப்பவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கன்னியாவில சுடுதண்ணி வருதே, அங்கையும் எரிமலை இருக்கோ?

இல்லை. இலங்கையில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. நாம் தகட்டின் விளிம்பில் இல்லாமல் உட்புறத்தில் இருக்கிறோம். திருகோணமலைக்கு அருகேயுள்ள கன்னியாவின் நீர், பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்ப மேலே வருகிறது.

ஆக்களைத் தராசில ஏத்தி நிறை பாக்கிறாங்களாம். அது மரியாதையோ?

மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இந்தப் பயணத்தில் முதல் நம்பிக்கையைத் தந்ததே அந்தத் தராசுதான். இத்தகைய பயணங்களுக்குப் பெரும்பாலும் ஓர் எஞ்சின் உடைய, விமானியுடன் ஆறு அல்லது ஏழு பேர் அமரும் சிறிய ஹெலிகொப்டர்களே பயன்படுகின்றன. பயணிகள், எரிபொருள், பைகள் எல்லாம் சேர்ந்த மொத்த நிறை ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும். அந்த நிறை முன்னும் பின்னும் இடமும் வலமும் சமன்பட்டும் இருக்க வேண்டும். உயரம் கூடக் காற்று மெலிவதால் சுழலிதழ்களுக்குப் பிடிப்புக் குறைகிறது. அதனால் கடல் மட்டத்தில் எளிதாகத் தூக்கும் நிறையைப் பனிமலை உச்சியில் தூக்க முடியாமல் போகலாம். இதே வகை ஹெலிகொப்டர் ஒன்று 2005 ஆம் ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் இறங்கியது உண்மைதான். ஆனால் அதில் விமானி ஒருவரே இருந்தார்.

இதனால்தான் ஆசனத்தை நீங்கள் தெரிவு செய்ய முடிவதில்லை. கணவனும் மனைவியும் அருகருகே இருக்க முடியாமற் போகலாம். கைப்பையுடன் தராசில் ஏறச் சொன்னால் கைப்பையுடனேயே ஏறுங்கள். பதியும்போது நிறையைக் குறைத்துச் சொல்வது நம்மவர்களிடம் நான் கண்ட பழக்கம். அது மற்றப் பயணிகளின் உயிருடன் விளையாடுவதாகும். சில நிறுவனங்கள் குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்டவர்களிடம் கூடுதல் கட்டணம் கேட்பதும் உண்டு, அதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அம்மா சேலைதான் உடுப்பா. அப்பிடியே ஏறலாமோ?

சேலை இதற்கு ஏற்றதல்ல. சுழலிதழ்கள் கீழ்நோக்கித் தள்ளும் காற்று புயற்காற்றைப் போன்றது. முந்தானை, சால்வை, தொப்பி எதுவும் பறந்து மேலேயோ பின்புறச் சிறு சுழலியிலோ சிக்கினால் பேராபத்து. என் மனைவி சுடிதார் அணிந்திருந்தார். அவருடைய சால்வையை வாங்கி நான்காக மடித்து, பையில் இட்டு, பட்டியைப் பூட்டிய பின்னரே பணியாளர் எங்களை நடக்கவிட்டார். காற்சட்டை, உடலோடு ஒட்டிய கம்பளிச் சட்டை, பிடிப்புள்ள சப்பாத்து ஆகியவை போதும். உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பநிலை 6 முதல் 7 பாகை வரை குறையும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பனியில் இறங்குவதானால் கறுப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் நம் கடற்கரை வெயிலைவிடக் கண்ணுக்குக் கொடியது.

நடக்கும்போது விமானியின் பார்வையில் படும்படி முன்புறத்தாலேயே அணுக வேண்டும். பின்பக்கம் போகவே கூடாது.

எனக்கு 71 வயசு, பிறஷரும் சீனியும் இருக்கு. உயரத்தில மூச்சு முட்டாதோ?

உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். ஆனால் ஓர் ஒப்பீடு உதவும். பயணிகள் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம், 2,400 மீற்றர் வரையான உயரத்தில் இருப்பதற்கு ஒப்பாக வைக்கப்படுகிறது. கட்டுநாயக்காவிலிருந்து பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறந்து சென்றவர் அந்த உயரத்தை ஏற்கெனவே தாங்கியிருக்கிறார். பனியாற்றுப் பயணங்கள் பல இந்த உயரத்தை அண்டியே, அதுவும் சில நிமிடங்களுக்கே செல்கின்றன. அஓராகி உச்சியை அண்டிச் செல்லும் நீண்ட பறப்புகள் இதைவிட உயரம் செல்லும். ஹெலிகொப்டருக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டும் வசதி கிடையாது.

விழித்திரைச் சத்திரசிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டவர்கள் மருத்துவர் அனுமதிக்கும் வரை எந்த வகையிலும் உயரத்துக்குப் பறக்கக் கூடாது. அழுத்தம் குறைய வாயு விரிந்து கண்ணைப் பாதிக்கும். நெஞ்சு வலி, மாரடைப்பு, சத்திரசிகிச்சை எதுவும் அண்மையில் நிகழ்ந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வயிற்றைப் பிரட்டுபவர்கள் வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், வயிறு முட்டவும் உண்ண வேண்டாம்.

எவ்வளவு காசு முடியும்?

பறக்கும் நேரமும் பனியில் இறங்குவதும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. நியூசிலாந்தில் 20 நிமிடம் பறந்து ஒரு தடவை பனியில் இறங்கும் பயணத்துக்கே ஒருவருக்குச் சில நூறு நியூசிலாந்து டொலர் முடியும். ஐஸ்லாந்து அதைவிடச் செலவு கூடிய நாடு. மிக மலிவாகச் சொல்பவர் எதைக் குறைத்திருக்கிறார் என்று கேளுங்கள். பிள்ளைகள் எடுத்துத் தந்த பயணக் காப்புறுதி, உரிமம் பெற்ற ஹெலிகொப்டரில் கட்டணம் செலுத்தும் பயணியை உள்ளடக்குகிறதா என்பதையும் பத்திரத்தில் வாசித்து உறுதிப்படுத்துங்கள்; சிலவற்றில் இது விலக்கப்பட்டிருக்கும்.

மூண்டு நாளாய் "வானிலை சரியில்லை" எண்டு திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். கீழ நிண்டு பாக்க வெயில் எறிக்குது. ஏமாத்திறாங்களோ?

ஏமாற்றவில்லை. இந்தப் பக்கத்தை எழுத என்னைத் தூண்டியதே இந்தக் கேள்விதான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஃபிரான்ஸ் ஜோசெப் ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மீற்றர் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்தில் பெய்வதைப்போல நான்கு மடங்கு. மேற்கே டஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து, கீழே மழையாகவும் மேலே பனியாகவும் கொட்டுவதால்தான் அந்தப் பனியாறே உயிரோடு இருக்கிறது. பனியாற்றை ஊட்டி வளர்க்கும் அதே முகில்தான் உங்கள் பறப்பையும் நிறுத்துகிறது. ஊரில் வெயில் எறிக்கும்போதே 2,000 மீற்றருக்கு மேல் முகில் அடைத்திருக்கலாம், அல்லது முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று ஹெலிகொப்டரைக் கீழே அழுத்தும் வேகத்தில் வீசலாம்.

முகிலைவிட நயவஞ்சகமான ஒன்றும் உண்டு. வானமும் வெண்மை, தரையும் வெண்மை, சூரியன் மறைந்திருக்கிறது என்றால் பனியில் நிழலே விழாது. நிழல் இல்லாதபோது தரை பத்து மீற்றர் கீழே இருக்கிறதா நூறு மீற்றர் கீழே இருக்கிறதா என்பதை மிகத் தேர்ந்த கண்ணாலும் சொல்ல முடியாது. நாங்கள் இறங்கிய காலையில், விமானி பனிவெளியின் நடுவே இறங்காமல், பனிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த ஒரு கரும்பாறைக்கு அருகே சென்று, அந்தப் பாறையிலிருந்து கண்ணை எடுக்காமலே மெல்ல மெல்லத் தாழ்ந்தார். தரையைத் தொட்ட பின்னும் சறுக்குக் கால்கள் பனியில் அமிழ்ந்து நிலைகொள்ளும் வரை, எஞ்சினின் வலுவை உடனே குறைக்காமல் பொறுத்திருந்தார். இரண்டு நாட்கள் எங்களைத் திருப்பி அனுப்பியவரும் அவரே.

வானிலை காரணமாக நிறுவனமே நிறுத்தினால் பணத்தைத் திருப்பித் தருவதோ வேறு நாள் தருவதோ வழக்கம். பதியும்போதே அதை எழுத்தில் பாருங்கள். "தூரத்திலயிருந்து வந்தனாங்கள், எப்பிடியும் கொண்டுபோய்க் காட்டுங்கோ" என்று மன்றாடாதீர்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை விமானிக்கு இருக்கும் இடத்தில் மட்டுமே ஏறுங்கள்.

எஞ்சின் நிண்டுபோனால் ஹெலி கல்லு மாதிரி விழுமெல்லோ?

விழாது. எஞ்சின் நின்றவுடன் விமானி இதழ்களின் சாய்வைக் குறைத்து ஹெலிகொப்டரைத் தாழவிடுகிறார். கீழிருந்து மேலே பாயும் காற்று, கொப்பிலிருந்து உதிரும் சில விதைகள் சுழன்றபடி இறங்குவதைப்போல, சுழலியைத் தொடர்ந்து சுழற்றுகிறது. தரைக்கு அருகே அந்தச் சுழற்சியில் சேமித்த வலுவைப் பயன்படுத்தி இறங்கலாம். எல்லா ஹெலிகொப்டர் விமானிகளும் இதில் பயிற்சி பெறுகிறார்கள். போதிய உயரமும் வேகமும் இறங்க ஓர் இடமும் இருந்தால்தான் இது கைகூடும். வெடிப்புகள் நிறைந்த பனியாற்றின்மேல் அத்தகைய இடம் எப்போதும் கிடைக்காது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான் எஞ்சினைவிட முகிலுக்கே அதிகம் அஞ்சுகிறேன். 2015 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆம் திகதி ஃபொக்ஸ் பனியாற்றில் சுற்றுலா ஹெலிகொப்டர் ஒன்று விழுந்து, விமானியும் ஆறு பயணிகளும் இறந்தார்கள். அன்று அங்கிருந்த வானிலை அத்தகைய பறப்புக்கு ஏற்றதாக இருக்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. மூன்று நாள் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு மேலே நான் சொன்ன பதிலை இத்துடன் சேர்த்து வாசியுங்கள்.

எரிமலைக் குழம்புக்கு நேர் மேல போவினமோ? வெக்கை அடிக்காதோ?

நேர் மேலே போவதில்லை. ஐஸ்லாந்திலும் ஹவாயிலும் வழியும் குழம்பின் வெப்பம் 1,100 பாகை செல்சியஸுக்கு மேல். அதன்மேல் எழும் சூடான காற்று மெலிந்ததும் கொந்தளிப்பானதும் ஆகும். அதில் கந்தக வாயுவும் கலந்திருக்கும். அதனால் விமானிகள் காற்று வீசி வரும் பக்கமாக நின்று, பக்கவாட்டிலிருந்தே காட்டுவார்கள். நான் பார்த்தது தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து சிறிது நேரப் பறப்பில் உள்ள ரெய்க்யனெஸ் குடாநாட்டின் பிளவு. யன்னல் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்தே இருந்தது. கண்ணுக்கு நேரே செங்குழம்பு கொதித்துத் தளும்ப, சற்று அப்பால் அதே குழம்பு கறுத்து யானைத் தோல்போல மடிந்து கிடந்தது; அந்த மடிப்புகளின் இடுக்குகளில் மட்டும் அடுப்புத் தணல்போலச் சிவப்புத் தெரிந்தது.

வெப்பத்தைவிட எஞ்சினுக்குப் பகை சாம்பல். எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பலைப் போன்றதன்று. நொறுங்கிய பாறையும் கண்ணாடியுமே அது. எஞ்சினின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். 1982 ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த பயணிகள் விமானம் ஒன்றின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. சாம்பலைவிட்டு வெளியே வந்த பின்னரே மீண்டும் இயங்கின. 2010 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாட்லயோகுட்ல் வெடித்தபோது ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நாட்கணக்கில் விமானங்கள் பறக்காமல் நின்றதும் இதனால்தான்.

வெடிக்கிற எரிமலையைப் பாக்கப் போறது ஆபத்தில்லையோ? 2019இல நியூசிலாந்தில ஆக்கள் செத்தவையெல்லோ?

எரிமலைகள் எல்லாம் ஒரே குணம் உடையவை அல்ல. இளகிய குழம்பு பிளவு வழியே வழிவது ஒரு வகை; அதைத் தள்ளி நின்று பார்க்கலாம். உள்ளே வாயுவும் நீராவியும் அடைபட்டுத் திடீரென வெடிப்பது மற்றொரு வகை. அதற்கு அருகே எவரும் போகக் கூடாது. நீங்கள் கேட்பது ஃபகாரி என்னும் வெள்ளைத் தீவு. 2019 நவம்பர் 18 ஆம் திகதி அதன் எச்சரிக்கை நிலை 1 இலிருந்து 2 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. அதற்குப் பின்னரும் சுற்றுலாப் பயணிகள் எரிமலை வாய்வரை அழைத்துச் செல்லப்பட்டார்கள். டிசம்பர் 9 ஆம் திகதி பிற்பகல் அது வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள், 22 பேர் இறந்தார்கள். தனியார் ஹெலிகொப்டர் விமானிகள் சிலர் சாம்பல் மூடிய அந்தத் தீவில் தாமாகவே இறங்கி, எரிகாயமுற்றவர்களை ஏற்றி வந்தார்கள்.

ஆகவே பதியும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இது எந்த வகை எரிமலை, அரசாங்கக் கண்காணிப்பு நிலையம் இன்று என்ன எச்சரிக்கை நிலை அறிவித்திருக்கிறது. பதில் சொல்லத் தயங்குபவரிடம் பதிய வேண்டாம். மேலிருந்து பார்ப்பதும் எரிமலை வாய்க்கருகே இறங்கி நிற்பதும் வேறு வேறு ஆபத்துகள். குழம்பு வழியும் இடங்களில்கூடப் பள்ளங்களில் நிறமும் மணமுமற்ற கரியமில வாயு தேங்கி நிற்கும்.

கதவில்லாத ஹெலியில போனால் படம் நல்லா வருமாமே?

கண்ணாடியில் படும் தெறிப்பு இல்லாததால் படம் தெளிவாக வரும். ஹவாயில் இது வழக்கம். ஆனால் 2018 ஆம் ஆண்டு மார்ச்சில் நியூயோர்க்கின் ஈஸ்ட் ஆற்றில் கதவு கழற்றிய ஹெலிகொப்டர் ஒன்று இறங்கிக் கவிழ்ந்தபோது, விமானி தப்பினார். உடலில் கூடுதல் வார் பூட்டியிருந்த ஐந்து பயணிகளும் அதை அவிழ்க்க முடியாமல் நீரில் மூழ்கி இறந்தார்கள். எரிபொருளை நிறுத்தும் பிடியில் ஒரு பயணியின் வார் சிக்கியதே எஞ்சின் நின்றதற்குக் காரணம். வாரை நீங்களே ஓர் அசைவில் அவிழ்க்க முடியாவிட்டால் ஏறாதீர்கள்.

மூடிய கதவுடனும் நல்ல படம் எடுக்கலாம். கறுப்புச் சட்டை அணிந்தால் கண்ணாடியில் உங்கள் நிழல் விழாது. கைபேசியைக் கண்ணாடியில் அழுத்தினால் அதிர்வு படத்தில் தெரியும். சற்று விலக்கிப் பிடியுங்கள்.

ஹெலிச் சத்தம் கேட்டாலே எனக்கு அந்த நாளையள்தான் ஞாபகம் வரும். பிள்ளையளுக்குச் சொல்லவும் ஏலாமல் கிடக்கு. என்ன செய்ய?

இதைக் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்லர். நம் ஊரில் ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும், ஹெலிச் சத்தம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கிய நாட்கள்தான். வெளிநாட்டில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியாது. எனக்கும் தளத்தில் எஞ்சின் தொடங்கியபோது முழங்கால்கள் தாமாகவே மடங்கின. மகள் என் கையைப் பிடித்தாள். அவளும் அந்தக் குழிக்குள் இருந்தவள்தான்.

பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போக விரும்பினால், முதல் நாள் தளத்துக்குச் சென்று மற்றவர்கள் ஏறி இறங்குவதைத் தூரத்திலிருந்து சற்று நேரம் பாருங்கள். உள்ளே தரப்படும் காதுக்கவசம் சத்தத்தைப் பெருமளவு அடக்கிவிடும். அதன் வழியே விமானியின் குரல் கேட்டுக்கொண்டே இருப்பதும் உதவும். ஏறும் வரை எந்த நேரத்திலும் "நான் வரவில்லை" என்று சொல்லலாம். போகாமல் விடுவதும் சரியான முடிவே. செலுத்திய பணத்துக்காக எவரும் அந்தச் சத்தத்துக்குள் திரும்பப் போக வேண்டியதில்லை.

பனியாறு உருகுது எண்டுறியள். அதுக்கு மேல எண்ணெய் எரிச்சுக்கொண்டு பறக்கிறது சரியோ?

நியாயமான கேள்வி, அதற்கு நேரான பதிலே சொல்ல வேண்டும். இவ்வகை ஹெலிகொப்டர் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 லீற்றர் எரிபொருளை எரிக்கிறது. 20 நிமிடப் பறப்பில் ஐந்தாறு பயணிகளுக்குப் பகிர்ந்தால், ஒருவருக்கு 25 முதல் 30 கிலோ கரியமில வாயு என்று கணக்கு வரும். கொழும்பிலிருந்து நியூசிலாந்து போய் வருவது இதைப்போலப் பல மடங்கு. அதற்காக இது ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. பள்ளத்தாக்கில் நடப்பவர்களுக்கும் பறவைகளுக்கும் சத்தம் தொல்லையே.

உருகுவதையும் மறைக்க முடியாது. ஒரு காலத்தில் ஃபிரான்ஸ் ஜோசெப் பனியாற்றின் முகப்புக்கு நடந்து சென்று மேலே ஏறலாம். முகப்புப் பின்வாங்கி நிலையற்றுப் போனதால் 2012 இலிருந்து ஹெலிகொப்டரில்தான் பனிமீது இறங்குகிறார்கள். டஸ்மன் பனியாற்றின் முன்னால் இன்று தெரியும் பெரிய ஏரி ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் இருக்கவில்லை. ஐஸ்லாந்தின் ஓக் மலையில் இருந்த பனி நகரும் வலுவை இழந்துவிட்டதால் 2014 இல் பனியாறு என்ற பெயரையே இழந்தது. என் கருத்து இதுதான்: பொழுதுபோக்காக இரண்டு மூன்று தடவை பறக்க வேண்டாம். ஒரு தடவை, ஆசனங்கள் நிரம்பிய ஹெலிகொப்டரில், என்ன பார்க்கப் போகிறோம் என்று படித்துக்கொண்டு போங்கள்.

ஒருக்காத்தான் போகேலும். எரிமலையோ பனியாறோ, எதைத் தெரிஞ்செடுக்கிறது?

பனியாற்றைத் தெரிந்தெடுங்கள், பனியில் இறங்கும் பயணமாகவும் எடுங்கள். குழம்பு வழியும் எரிமலையை நீங்கள் போகும் நாளில் காண்பது உறுதியில்லை. நான் பார்த்த பிளவு ஜூலை 10 ஆம் திகதி திறந்து நான்கு வாரங்களுக்குள் அடங்கிவிட்டது. நோர்வேயிலோ பிரித்தானியாவிலோ பிள்ளைகள் இருப்பவர்கள் ஐஸ்லாந்துக்குப் போனால், குழம்பு வழியாத காலத்திலும், பனிக்கவிப்பையும் பழைய எரிமலை வாய்களையும் ஒரே பறப்பில் பார்க்கலாம்.

நாளைத் தெரிவு செய்வதில் கவனம் வேண்டும். ஐஸ்லாந்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெளிச்சம் நீண்டது. நியூசிலாந்தின் மேற்குக் கரைக்கு, குளிரைப் பொறுத்துக்கொள்ளக் கூடியவர்களாயின், அங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலேயே தெளிந்த நாட்கள் அதிகம். காலை முதற் பறப்பையே கேளுங்கள், வெயில் ஏற முகிலும் ஏறும். அந்த ஊரில் மூன்று நாட்கள் தங்குவதானால் முதல் நாளுக்கே பதியுங்கள். திருப்பி அனுப்பினாலும் மற்ற இரண்டு நாட்களும் கையில் இருக்கும்.